பழவேற்காட்டில் ஏற்றப்பட்ட இன்னொரு சரக்கு

பழவேற்காட்டுக்குப் போகிற கல்லூரிப் பேருந்துகள் எல்லாம் டச்சுக் கல்லறைக்கு முன்னால் கட்டாயம் நிற்கும். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அவற்றோடு செல்ஃபி எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. உள்ளே பெரிய பெரிய கருங்கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் பெயர், இறந்த ஆண்டு, குடும்பச் சின்னம். தொல்லியல் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிறது.

போன முறை மாணவர்களோடு போயிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, இவ்வளவு தூரம் கப்பல்ல வந்து இவங்க என்ன வியாபாரம் பண்ணாங்க?" நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர் சொல்லிவிட்டார்: "துணிடா." பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பதில் தவறும் இல்லை. ஆனால் அது பாதிப் பதில். இந்தக் கடற்கரையில் இருந்து ஒல்லாந்தர் ஏற்றிய இன்னொரு சரக்கு மனிதர்கள். அந்த மீதிப் பாதியைத் தேடிப் போனால் ஒல்லாந்தரோடு நிற்க முடியாது. நம் ஊருக்கும் சேரிக்கும் வந்து சேர்வோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமாக வரலாறு. 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்த நாட்டு அரசு கொடுத்த பட்டயத்தில் வணிக உரிமை மட்டும் இல்லை. ஒப்பந்தம் போடலாம், கோட்டை கட்டலாம், போர் செய்யலாம். 1610இல் சந்திரகிரியில் இருந்து ஆண்ட விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர், கம்பெனிக்குப் பழவேற்காட்டில் இடம் கொடுத்தார். 1612இல் மயிலாப்பூர் சாந்தோமில் இருந்து போர்த்துகீசியர் வந்து அந்தப் பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். 1613இல் கோட்டை எழுந்தது. கட்டிய அதிகாரி வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்குக் கெல்டிரியா என்று பெயர் வைத்தார். 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் கம்பெனியின் தலைமையிடம் அதுதான். உள்ளே வெடிமருந்து ஆலையும் இருந்தது. இன்றைக்குப் போனால் புதர் மண்டிய மேடும் அகழியும்தான் மிச்சம்.

துணிக்கு எதற்குக் கோட்டையும் வெடிமருந்தும்? இதற்கு விடை இந்தோனேசியாவில் இருக்கிறது. ஜாதிக்காய், கிராம்பு, மிளகு விளைகிற தீவுகளில் வெள்ளியைக் காட்டினால் மட்டும் போதாது, துணி வேண்டும். நம் நெசவாளர்கள் நெய்த துணிதான் அங்கே பணம். இன்றைக்கும் மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். பழவேற்காடு ஐரோப்பியர் வாயில் புலிகாட் ஆகி, கைலியில் பெலிகாட் ஆகி, திரும்பி நம்மிடமே 'பாலயக்காட் லுங்கி' என்று வந்திருக்கிறது. ஊரின் பெயர் துணியில் ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றிவிட்டது.

1621இல் பாண்டா தீவுகள். அன்றைக்கு உலகத்தில் ஜாதிக்காய் விளைந்த ஒரே இடம். தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று கம்பெனி போட்ட ஒப்பந்தத்தைத் தீவுவாசிகள் மதிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சோன் கோயன் படையோடு இறங்கினார். ஊர்ப் பெரியவர்கள் 44 பேரை ஜப்பானியக் கூலிப்படையை வைத்து வெட்டிக் கொன்றார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் அந்தத் தீவுகளில் கடைசியில் ஆயிரம் பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், தப்பி ஓடினார்கள், அடிமைகளாக நாடு கடத்தப்பட்டார்கள். காலியாக்கிய நிலத்தை 68 தோட்டங்களாகக் கூறு போட்டுக் கம்பெனி ஆட்களுக்குக் கொடுத்தார் கோயன். மரம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, உழைக்க ஆள் இல்லை. பத்தேவியா நகரத்தைக் கட்டவும் ஆள் இல்லை.

ஆள் எங்கே கிடைக்கும்? பஞ்சம் எங்கே இருக்கிறதோ அங்கே.

1622, 1623 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களில் இருந்து 1,900 பேர் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று இங்கிருந்த கம்பெனி அதிகாரிகள் வருத்தப்பட்டிருக்கிறார்கள். இந்த வருத்தத்தை நிதானமாகப் படியுங்கள். விலை மலிந்த நேரத்தில் சரக்கு எடுக்க முடியாமல் போன கடைக்காரரின் வருத்தம் அது. 1645இல் பீஜப்பூர்ப் படைகள் தெற்கே வந்து தஞ்சை வயல்களை அழித்தபின் வந்த பஞ்சத்தில், 1646இல் மட்டும் 2,118 பேர் பத்தேவியாவுக்குப் போனார்கள். 1659 முதல் 1661 வரை மறுபடி தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும். அப்போது நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர். அவர்களில் பெரும்பகுதியை இலங்கைக்கு அனுப்பினார்கள். ஆவணங்களை ஆராய்ந்து மார்கஸ் விங்க் போன்ற வரலாற்றாய்வாளர்கள் தரும் கணக்கு இது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பெயர் போய்விடும். தென்னாப்பிரிக்காவின் கேப் நகரப் பதிவேடுகளில் நம் ஆட்கள் ஏதோ ஓர் ஐரோப்பியப் பெயரோடும், பின்னால் 'வான் கொரமாண்டல்' என்ற ஒட்டோடும் இருக்கிறார்கள். சோழமண்டலத்தில் இருந்து வந்தவர் என்று பொருள். எந்த ஊர், எந்தத் தெரு என்பதெல்லாம் அந்த ஒட்டில் இல்லை.

இதைச் செய்தவர்கள் தங்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போனவர்கள். கல்லறைப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும், எவ்வளவு மரியாதையான மனிதர்களாகத் தங்களை நினைத்துக்கொண்டார்கள் என்று. துப்பாக்கி இருந்தால் ஒரு முறை கொள்ளையடிக்கலாம். இருநூறு ஆண்டு நடத்த வேண்டுமென்றால் செய்வது சரி என்று செய்கிறவனே நம்ப வேண்டும். ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பீரங்கியைப் பற்றி அதிகமும் இந்த நம்பிக்கையைப் பற்றிக் குறைவாகவும் பேசுகிறோம் என்பது என் எண்ணம்.

ஹியூகோ குரோஷியஸ் என்ற டச்சுச் சட்ட அறிஞர் 1609இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கடல் எவருக்கும் சொந்தம் இல்லை, எல்லோருக்கும் பொது என்பது அதன் வாதம். இன்றைய சர்வதேசக் கடல் சட்டத்துக்கு அடித்தளம் என்று சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பார்கள். எதற்காக எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1603இல் கம்பெனிக் கப்பல்கள் ஒரு போர்த்துகீசியக் கப்பலைச் சரக்கோடு பிடித்தன. அதை நியாயப்படுத்தக் கம்பெனிக்காக அவர் எழுதிய பெரிய நூலின் ஒரு பகுதி அது. போர்த்துகீசியருக்கு எதிராகக் கடல் பொதுச்சொத்து. அதே கம்பெனி பாண்டாவுக்குள் நுழைந்தபின் அந்தக் கடலில் வேறு யாரும் ஜாதிக்காய் ஏற்றக்கூடாது. சுதந்திர வணிகம் என்ற சொல்லை நான் எங்கே கேட்டாலும் இந்தத் தீவுகள்தான் நினைவுக்கு வரும்.

அதே குரோஷியஸ் 1625இல் எழுதிய இன்னொரு புகழ்பெற்ற நூலில், ஒருவர் உணவுக்காகத் தன்னையே அடிமையாக ஒப்புக்கொடுப்பது சட்டப்படி செல்லும் என்கிறார். வளர்க்க வேறு வழியே இல்லாதபோது தந்தை பிள்ளையை விற்கலாம் என்கிறார். பஞ்ச காலத்தில் பழவேற்காட்டுக் கரையில் நடந்தது துல்லியமாக இதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது தாய் தகப்பன். விலை பேசப்பட்டது. எனவே யாரும் யாரையும் கடத்தவில்லை. மதகுருமாரும் துணைக்கு வந்தார்கள். உடெமான்ஸ் என்ற சீலாந்து மாகாணப் பாதிரியார் 1638இல் வணிகர்களுக்கான ஒழுக்க நூல் ஒன்று எழுதினார். நியாயமான போரில் பிடிபட்டவர்களையும், பெற்றோரிடமோ உடைமையாளரிடமோ முறையாக விலை கொடுத்து வாங்கியவர்களையும் அடிமையாக வைத்திருக்கலாம், ஆனால் அவர்களை நன்றாக நடத்தி வேதம் கற்பிக்க வேண்டும் என்பது அதன் போக்கு. இதற்கெல்லாம் மேலே ஒரு கருணைப் பேச்சு: நாங்கள் வாங்காவிட்டால் இவர்கள் செத்திருப்பார்கள்.

இந்தப் பேச்சை நீங்கள் எங்கேயோ கேட்டிருக்கிறீர்கள். செங்கல் சூளை முதலாளியும் வட்டாட்சியர் முன்னால் இதையேதான் சொல்வார். "முன்பணம் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க, நான் இல்லைன்னா சோத்துக்கு வழி ஏது?"

பஞ்சம் என்ன சாதி பார்த்தா கொல்கிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பஞ்சம் முற்றும்போது நெசவாளரும் வேளாளரும்கூட விற்கப்பட்டிருக்கிறார்கள். 1201ஆம் ஆண்டின் திருப்பாம்புரம் கல்வெட்டில், பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தன் இரண்டு மகள்களோடு தன்னையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி இருக்கிறது. ஒல்லாந்தர் வருவதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்னால், வாங்கியது நம் கோயில். ஆக, மனிதரை விலைக்கு வாங்கலாம் என்ற கருத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கியது எவரும் இல்லை.

ஆனால் வேளாளர் விற்கப்படுவது கல்லில் வெட்டும் அளவுக்குச் செய்தி. நிலத்தோடு சேர்த்து ஆளையும் கைமாற்றுவது அன்றாடம். நெற்குதிர் யாரிடம் இருந்தது, விதைநெல் யாரிடம் இருந்தது, ஒரு வாரம் மழை தள்ளிப்போனால் முதலில் அடுப்பு அணைவது எந்தத் தெருவில் என்பதற்குத் தனியாக ஆராய்ச்சி தேவையில்லை. நிலமே வைத்துக்கொள்ள விடாத ஒரு சமூகத்துக்குப் பஞ்சம் ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடும்.

கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே தமிழர்களின் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் தேசவழமைச் சட்டம் என்று அறிவித்தது இதே டச்சுக் கம்பெனி. தொகுத்தவர் க்ளாஸ் ஐசக்ஸ் என்ற அதிகாரி. சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்கள் 12 தமிழ் முதலியார்கள். அதில் அடிமைகள் பற்றிய பகுதியில் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று சாதிகளின் பெயர்களே இருக்கின்றன. கம்பெனிக்கு ஒழுங்கான சொத்துச் சட்டம் வேண்டும். முதலியார்களுக்குத் தங்கள் ஆட்கள் தங்கள் சொத்து என்று எழுத்தில் வேண்டும். இரண்டு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன. ஊர் வாயில் வழக்கமாக இருந்த ஒன்று ஐரோப்பியச் சட்டமாக ஆனது இப்படித்தான். ஏகாதிபத்தியம் சாதியை உண்டாக்கியது என்று சில பேராசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த 12 பேரை அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

பழவேற்காட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1630களில் ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற பாதிரியார் சுமார் பத்து ஆண்டுகள் கோட்டையில் ஊழியம் பார்த்தார். இந்தக் கரையின் மதத்தையும் வழக்கங்களையும் பற்றி அவர் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1651இல் வெளிவந்தது. 'மறைந்து கிடக்கும் அஞ்ஞானத்துக்கு ஒரு திறந்த கதவு' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. இந்து மதம் பற்றி ஐரோப்பா படித்த ஆரம்பகால நூல்களில் அது முக்கியமானது. கதவைத் திறந்துவிட்டவர் யார்? பத்மநாபன் என்ற பிராமணர். இருவரும் பேசிக்கொண்டது போர்த்துகீசிய மொழியில். நான்கு வருணம் என்ன, யார் உயர்ந்தவர், அதற்கு வெளியே கிடக்கும் பறையர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அந்த வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் போனது. கோட்டைச் சுவருக்கு வெளியே ஒரு சேரி இருந்திருக்கும். பாதிரியார் நடந்து போகிற தூரம்தான். அங்கே போய் உங்கள் சாமி என்ன, உங்கள் கதை என்ன என்று கேட்டு எழுதிய நூல் எதுவும் நம்மிடம் இல்லை.

தன்னைத் தேவன் தேர்ந்தெடுத்த மக்கள் என்று நம்பியவர் ஒரு பக்கம். பிறப்பால் தூய்மையானவன் என்று நம்பியவர் இன்னொரு பக்கம். ஒருவர் மதம் மற்றவருக்கு அஞ்ஞானம், ஒருவர் தொட்டால் மற்றவருக்குத் தீட்டு. ஆனாலும் சில மனிதர்கள் ஆளப் பிறந்தவர்கள், சிலர் உழைக்கப் பிறந்தவர்கள் என்பதில் இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

இங்கே நம் தரப்பில் இருந்து ஒரு குரல் வரும். வெள்ளைக்காரன் வந்ததால்தான் நாம் படித்தோம், பட்டாளத்தில் சேர்ந்தோம், அவனைத் திட்டுவது பார்ப்பனர் வேலை என்று. எனக்கு இந்தக் குரல் மேல் கோபம் இல்லை. என் பாட்டி மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அந்த மூன்று வகுப்பு இல்லாமல் நான் இல்லை. இதே பொன்னேரி வட்டம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டக் கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் கொடுத்த அறிக்கையில் இருந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. அதை மறக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் கணக்கை முழுசாகப் போட வேண்டும். 1843இல் அடிமை முறையைச் சட்டம் செல்லாது என்றது. அதற்குப் பின்னும் அரை நூற்றாண்டு கழித்து டிரமென்ஹீர் அப்படி ஓர் அறிக்கை எழுதும் நிலைமையில்தான் பண்ணையாள் இருந்தார். காரணம், நிலவரி கொடுக்கிற மிராசுதாரைச் சர்க்கார் பகைத்துக்கொள்ளவில்லை. மோரீஷசுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் நம்மை ஏற்றிய கப்பல்களும் அதே சர்க்காரின் கொடியில்தான் போயின. அடிமை என்ற சொல்லை எடுத்துவிட்டு ஒப்பந்தக் கூலி என்று வைத்தார்கள். அடிமைமுறை, தீண்டாமை, எது கொடியது என்று ஒரு கட்டுரைக்கே தலைப்பு வைத்தார் அம்பேத்கர். அடிமைமுறை வெளிப்படையாகத் தெரிவது, தீண்டாமை மறைந்து நின்று அடிமைப்படுத்துவது, அதனால் அதில் இருந்து தப்புவது கடினம் என்று வாதாடினார். இரண்டையும் ஒன்றாக அனுபவித்த ஒரு மக்கள் கூட்டத்தைப் பழவேற்காட்டில் பார்க்கிறோம்.

எதிர்த்தரப்புக் குரல் இன்னும் சத்தமாகக் கேட்கிறது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திரனின் கடல் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டது. பிரதமரே வந்தார், நாணயம் வெளியிட்டார். அந்த வாரம் முழுக்க நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புலிக்கொடி. கடாரம் கொண்டான் என்று மீசை முறுக்கும்போது, கடாரத்து மக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்ததுண்டா? கோயன் சிலைக்கு மாலை போடுகிறவருக்கும் நமக்கும் அந்த இடத்தில் என்ன வித்தியாசம்? கூடவே ஒன்று. ராஜேந்திரனின் தகப்பன் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிய கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில், பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கப்பல் போன திசையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது கிளம்பிய ஊரில் சேரி எங்கே இருந்தது என்பது கண்ணில் படாது.

நெதர்லாந்தில் இப்போது என்ன பேசுகிறார்கள்? 2006இல் அந்நாட்டுப் பிரதமர் பால்கெனெண்டே நாடாளுமன்றத்தில், நமக்கு மறுபடியும் அந்தக் கம்பெனி மனப்பான்மை வேண்டும் என்று உற்சாகமாகப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லைகளைத் தாண்டிப் பார்க்கிற துணிச்சல் என்பது அவர் சொன்ன பொருள். 2022 டிசம்பரில் பிரதமர் ருட்டே அடிமை வணிகத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஆசியாவில் கம்பெனியின் ஆளுகைக்குள் 6,60,000 முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் வாங்கி விற்கப்பட்டார்கள் என்று அந்த உரையிலேயே சொன்னார். 2023 ஜூலை 1 அன்று மன்னரும் மன்னிப்புக் கேட்டார். இவ்வளவும் நடந்தபோது தமிழ்நாட்டில் யாரும் அதை நம் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. பழவேற்காட்டில் ஒரு கூட்டம் இல்லை, ஒரு தட்டி இல்லை. இழந்தவர்கள் யாருடைய ஆட்கள் என்று நினைத்தோமோ, அதற்கேற்ற அமைதி.

இனி ஏரிக்கு வருவோம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மணல்திட்டில் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018இல் அது அதானி நிறுவனத்தின் கைக்குப் போனது. 330 ஏக்கரில் இருப்பதை 6,111 ஏக்கராக விரிக்க வேண்டும் என்பது திட்டம். அதில் கிட்டத்தட்ட 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து உண்டாக்கப்பட வேண்டியது. மணல்திட்டு அரித்துப்போனால் ஏரியே கடலாகிவிடும் என்று மீனவர்கள் பயப்படுகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவிக்கப்பட்டு மறுபடி தள்ளிப்போனது. எதிர்ப்பின் வலிமை அது.

இந்த மாதிரித் திட்டங்களின் அறிக்கைகளில் சதுப்பும் மணலும் 'பயன்படாத நிலம்', 'புறம்போக்கு' என்று வரும். ஆள் இருந்தும் காலி என்று எழுதுகிற இந்தப் பழக்கத்துக்குத்தான் நான் பாண்டாவில் இருந்து வந்தேன். வருவாய்த்துறையின் புறம்போக்கு எப்படி மனிதரைத் திட்டுகிற சொல்லாக ஆனது என்று யோசியுங்கள். கணக்கில் வராத நிலத்தில் இருக்கிறவர் கணக்கில் வராத மனிதர்.

துறைமுகத்தை எதிர்ப்பதில் நமக்கு எந்தத் தயக்கமும் கூடாது. ஆனால் எதிர்ப்பு மேடையில் "பாரம்பரிய மீனவர்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள்?

ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் அதிகம் கிடைக்கிற இடங்களில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். போட்டியும் அடிதடியும் இல்லாமல், ஏரியை ஒட்டச் சுரண்டாமல் பகிர்ந்துகொள்ள அருமையான ஏற்பாடு. வெளிநாட்டில் இருந்தெல்லாம் வந்து ஆராய்ந்து பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்டில் தவறில்லை. ஆனால் சீட்டில் பெயர் வர வேண்டுமென்றால் பட்டினவர் சாதியில், பாடு உரிமை உள்ள கிராமத்தில், ஆணாக, தலைக்கட்டாக இருக்க வேண்டும். வயல்வேலை போய் வலை எடுத்த தலித் குடும்பங்களுக்கு அந்தக் குடத்தில் சீட்டு இல்லை. பல ஆண்டுகளாகச் சண்டை, பேச்சுவார்த்தை, காவல் நிலையம் என்று இழுத்துக்கொண்டே போகிறது. இருளர் பெண்கள் முட்டளவு, இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் வேண்டுமே. வலையும் படகும் இல்லாததால் அரசுக் கணக்கில் பல நேரம் அவர்கள் மீனவரே இல்லை. தண்ணீர் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள். நிவாரணப் பட்டியலில் கடைசியாக வருவதும், வராமலே போவதும் அவர்கள். கையில் இறால் இல்லாத மாதங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போகிறவர்களும் அவர்கள்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் கொத்தடிமைகள் மீட்பு என்று செய்தி வரும்போது குடும்பங்களின் சாதியைப் பாருங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது.

பட்டினவர் தோழர்களிடம் இதை நான் நேரில் பேசியிருக்கிறேன். "இப்போ இதைப் பேசினா ஒற்றுமை உடைஞ்சிடும் சார், முதல்ல போர்ட்டை நிறுத்துவோம்" என்றார்கள். அவர்களின் பயம் நியாயமானது; கம்பெனிக்காரர்கள் பிளவைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். தேசவழமைக்குக் கையெழுத்துப் போட்ட அந்த 12 பேரைக் கம்பெனி எப்படிக் கண்டுபிடித்தது என்று நினைத்துப் பார்த்தால் இந்தப் பயம் இன்னும் கூடும். ஆனால் நான் கேட்டது இதுதான்: இன்றைக்கு வேலை தருகிறோம் என்று துறைமுகத்தான் சேரிக்குள் வந்து நிற்கும்போது, ஏரியில் பங்கே இல்லாத பிள்ளைகளிடம் ஏரியைக் காப்பாற்று என்று நாம் எந்த முகத்தோடு சொல்வது? அதற்கு அங்கே பதில் வரவில்லை. பெரியவர் ஒருவர் மட்டும், "பேசலாம், உட்கார்ந்து பேசலாம்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறோம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி அறிவிக்கப்படலாம். முப்பது நாள் முன்னறிவிப்புத்தான் கிடைக்கும். சட்டம், சமூகவியல், மீன்வளம் படிக்கிற தம்பி தங்கைகள் வர முடிந்தால் இப்போதே வாருங்கள். ஏரியைச் சுற்றியுள்ள தலித், இருளர் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், யார் எங்கே என்ன பிடிக்கிறார்கள், எந்த மாதம் எவ்வளவு, யாருக்கு மீனவர் அட்டை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவரின் முழுப் பெயரோடும், ஊர்ப் பெயரோடும், தெருப் பெயரோடும் எழுத வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகமும், சேற்றில் இறங்க ஒரு பழைய லுங்கியும் போதும். முடிந்தால் கட்டம் போட்டதாக எடுத்துவாருங்கள்.